நலம் விசாரித்தால் நல்ல பதில் கிடைக்கும் ரங்கூன் தேநீர்க்கடை

அனவ்ரட்டா சாலையில் உள்ள ஸ்ரீ காளி கோயிலிலிருந்து தெய்ஞ்சீ சந்தைப் பக்கமாக நடந்து, குறுக்குத் தெரு ஒன்றில் திரும்பினால், பெயர்ப்பலகை வெயிலில் வெளிறி எழுத்தே தெரியாமல் போன ஒரு தமிழ்த் தேநீர்க்கடை இருக்கிறது. தேநீர் மிக நன்றாக இருக்கும், தோசை பரவாயில்லை, இட்லி நாளைப் பொறுத்தது, சாம்பார் தண்ணீர். ரங்கூனில் இந்த அளவுக்குத் தேறும் கடைகள் இன்னும் பல உண்டு என்பதால், சாப்பாட்டை மட்டும் வைத்து இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டிய தேவை இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் இங்கே கிடைக்கும் பதிலுக்காகவே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கல்லாவில் உட்காரும் அக்கா கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் பேச்சு குறைந்துபோகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கும் உடன்பாடு உண்டு.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக இந்த ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வருபவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படும் "மிங்கலாபா", ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையும்போது பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லும் வணக்கம். விடுதி வாசலிலும் மேடையிலும் அதைக் கேட்கலாம். தெருவில் பழகியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "தமின் சா பீ பீ லா" என்று சாப்பாட்டை விசாரிப்பார்கள், அல்லது "பே த்வா மலோ லே" என்று எங்கே கிளம்பினீர்கள் எனக் கேட்பார்கள். சில நாள் பார்க்காதிருந்தால் "நே கௌங் லா" என்று உடல்நலம் கேட்பார்கள். இவற்றுக்கான விடைகளும் வழக்கத்தில் உறைந்துபோனவை: சாப்பிட்டாயிற்று, இதோ இந்தப் பக்கந்தான், நலந்தான். எங்கே என்று கேட்பவருக்கு முகவரி வேண்டியதில்லை, கேட்கப்பட்டவரும் அதைச் சொல்லப்போவதில்லை. மனிதர்கள் பேசுவதில் ஒரு பகுதி எந்தச் செய்தியையும் சொல்வதற்காக நிகழ்வதில்லை, உறவு அறுந்துவிடவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகவே நிகழ்கிறது என்று மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இல் எழுதினார். ரங்கூன் தெருவில் ஒரு காலை நின்றிருந்தால் அவருக்கு வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும்.

தமிழர்களான நம்முடைய பதில்கள் இன்னும் சோர்ந்தவை. "ஏதோ இருக்கேன்", "வண்டி ஓடுது", "பொழுது போகுது" என்று இழுத்துச் சொல்வதே மரியாதை என்று பழகிவிட்டோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள், நன்றாக இருக்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது இயல்பே. பர்மாவில் அந்தத் தயக்கத்துக்கு வேறு காரணமும் சேர்ந்தது என்பது என் எண்ணம். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். 1942இல் போருக்கு அஞ்சிப் பெருங்கூட்டம் கால்நடையாகவே இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1964இல் கடைகள் அரசுடைமையானபின் மேலும் ஏராளமான குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாங்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று உரக்கச் சொல்லாமல் இருப்பது எங்கள் பெரியவர்களுக்கு வெறும் அடக்கமாக மட்டும் இருந்திருக்காது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அக்காவின் திறமை விளங்கும். அவர் பெருமையும் பேசுவதில்லை, புலம்புவதும் இல்லை. "சாப்பிட்டீங்களாக்கா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்தார். "நீங்க கேட்டதுலயே பாதி வயிறு நிறைஞ்சிடுச்சு தம்பி. மீதிப் பாதிக்குத்தான் இட்லி வெந்துக்கிட்டிருக்கு" என்றார் அக்கா. இட்லி வாங்கும் எண்ணமே இல்லாமல் வந்திருந்த அந்த மனிதர் இரண்டு இட்லி சொன்னார். வியாபாரத் தந்திரம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பதிலில் முதல் பங்கு கேட்டவருக்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்ற பழைய வாக்கியத்தின் கட்டுமானம் இதுதான்: நன்றாக இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்கான காரணத்தை எதிரில் நிற்பவர் தலையில் கட்டிவிடுவது. கண்ணேறுக்கு அங்கே இடமில்லை. அக்கா அந்தப் பழைய அச்சில் அன்றன்றைய மாவை ஊற்றுகிறார்.

மாவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் ஒரு காலை, எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது, "இந்தக் குளுருலயும் மாவு நல்லாப் பொங்கியிருக்கு சார், அதைப் பார்த்து நானும் கொஞ்சம் பொங்கிட்டேன்" என்றார். குளிர்ந்த நாளில் மாவு புளிக்காமல் கிடந்தால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பது தோசைக்கடை வைத்தவர்களுக்குத் தெரியும். அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் உண்மையான நற்செய்தி. அன்று காலையில் நடந்தது. வேறொருவர் வாயில் பொருந்தாதது. வேறொரு நாள் மின்சாரம் போய், பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் காதைத் துளைத்துக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்தவரிடம், "கரண்டு போச்சு, நீங்க வந்துட்டீங்க, கணக்கு நேராயிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னார். இந்த ஊரில் மின்வெட்டைப் பற்றிப் புலம்பத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அவர் அதை ஒரே மூச்சில் முடித்து, வந்தவருக்கு வரவேற்பாகவும் ஆக்கிவிட்டார்.

இவற்றில் எதுவும் நீளமாக இல்லை என்பது முக்கியம். உற்சாகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று முனைபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கேட்டவர் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அவரிடம் ஒரு மூச்சு நேரந்தான் இருக்கிறது. அதற்குள் அடங்கும் பதிலே பதில், மிச்சமெல்லாம் சொற்பொழிவு. "ஒவ்வொரு நாளும் இறைவன் தந்த வரம்" என்பதுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குத் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடத் தோன்றும். அவர்களிடம் அன்று மட்டும் நடந்தது எதுவும் கிடைக்காது.

தேநீர் போடுபவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மியத்தில் இவர்களை அப்யோ சயா என்பார்கள். கடையின் பெயரும் கூட்டமும் இவர்கள் கையில் இருக்கிறது. பெரிய பானையில் கொதித்துக் கறுத்த டிகாஷனோடு இருவகை டப்பாப் பாலையும் சேர்த்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கி ஆற்றுவார். இங்கே வெறுமனே "டீ" என்று கேட்க முடியாது. இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமானால் சோ செய்ன், இனிப்பைக் குறைத்துச் சாயத்தைக் கூட்ட வேண்டுமானால் பொச்சா, இடையில் இன்னும் பல படிகள். இந்தக் கடையின் அப்யோ சயா வாய் திறப்பது அரிது. "நே கௌங் லா சயா?" என்று யாராவது கேட்டால், தன் நிலையைத் தேநீர்க் கணக்கிலேயே சொல்லிவிடுவார். மகள் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய செய்தி வந்த வாரம் முழுவதும் "சோ செய்ன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அக்கா, "போதும்யா, சர்க்கரை வியாதி வந்துடப்போகுது" என்றார். வீட்டு வாடகை கட்டும் வாரத்தில் பதில் "பொச்சா" ஆகிவிடும். இனிப்புக் குறைவு, ஆனால் சாயம் இறங்கியிருக்கிறது, ஆள் கெட்டியாகத்தான் இருக்கிறேன் என்று பொருள். பொய் இல்லை, புலம்பல் இல்லை, கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் இந்தக் கடையில் கேட்ட பதில்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். வழக்கமாக வருபவர்கள் சிலர் இப்போது ஒருவரையொருவர் இதே முறையில் விசாரித்துக்கொள்கிறார்கள், "இன்னிக்கு எப்படி?" "பால் கம்மி" என்பதாக.

மேசை துடைக்கும் பையன் ஐராவதி டெல்டாப் பக்கத்திலிருந்து வந்த பர்மியப் பையன், மீசை அரும்பும் வயது. வந்த புதிதில் எதைக் கேட்டாலும் "கௌங் பா தே", அதாவது நலந்தான், என்று தரையைப் பார்த்துச் சொல்வான். அக்கா அவனுக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. தினமும் அவனைக் கேட்டார், அவ்வளவுதான். ஒரு நாள் தட்டு நிறையக் கண்ணாடிக் குவளைகளோடு நின்றவனை யாரோ நலம் விசாரிக்க, "இதுவரைக்கும் ஒன்றுகூட உடையவில்லை" என்று பர்மியத்தில் சொன்னான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்போது ஒன்று உடைந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

காலைத் தொழுகை முடித்து வரும் சோழியா முஸ்லிம் (இங்கே தமிழ் முஸ்லிம்களை அப்படித்தான் சொல்வார்கள்) பெரியவர் ஒருவர் இந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். ஸலாம் சொல்லப்பட்டால் அதைவிடச் சிறப்பாக, இல்லாவிட்டால் குறைந்தது அதே அளவாவது, திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம் கற்பிக்கும் முறை. ஒருவர் அமைதியை மட்டும் வாழ்த்தினால், இவர் அதனோடு இறைவனின் அருளையும் சேர்த்துத் திருப்புவார். "பாய்கிட்டேர்ந்துதான் நான் கத்துக்கிட்டது, வாங்கினதுக்கு மேல ஒரு கை கூடப் போட்டுக் கொடுக்கணும்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். பெரியவர் உடனே, "நான் உங்க சட்னிகிட்டேர்ந்து கத்துக்கிட்டேன்" என்றார். சட்னி கேட்காமலேயே இரண்டாம் முறை வைக்கப்படுவது உண்மை.

இவ்வளவும் சிரிப்பாகவே இருந்திருந்தால் நான் இந்தக் கடையை இத்தனை மதித்திருக்கமாட்டேன். தாயாரைப் பறிகொடுத்துக் காரியம் முடிந்த சில நாளில், எங்களோடு வழக்கமாக உட்காரும் ஒருவர் தனியாக வந்தார். கேட்காமலும் இருக்க முடியாது, கேட்கவும் முடியாது என்ற நிலையில் எல்லோரும் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் நேராக, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்றார். "இருக்கேம்மா" என்றார் அவர். "இருங்க" என்றார் அக்கா. பையன் வெந்நீர்த் தேயிலையைக் கொண்டுவந்து வைத்தான், விலையில்லாமல் எல்லா மேசையிலும் இருக்கும் அந்த வெறும் தேநீரைத்தான். அவர் சொன்ன ஒற்றைச் சொல்லையே எடுத்து அவருக்கு இருக்கையாகப் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது பணம் கொடுத்தார், அக்கா வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று மறுத்து அவரைச் சங்கடப்படுத்தவில்லை. உற்சாகப்படுத்துவது என்றாலே சிரிக்கவைப்பது என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இனிக் குறைகள். மாலையில் கல்லாவில் உட்காரும் உறவுக்காரப் பையன் அக்காவின் வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். "நீங்க கேட்டதுலயே பாதி வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பதை வருவோர் எல்லோரிடமும், அடுப்பில் இட்லி இல்லாத நேரத்திலும், தலையைக் கூட நிமிர்த்தாமல் சொல்கிறான். ஒரே மேசையில் இருக்கும் நால்வருக்கு நான்கு முறை அதையே சொன்னால் நாலாமவருக்கு என்ன தோன்றும்? மனப்பாடமான உற்சாகத்தைவிட "ஏதோ ஓடுது" என்ற பழைய முனகலே மேல். அதிலாவது சொல்பவரின் களைப்பு உண்மை. நகரின் குளிரூட்டிய காப்பிக்கடை ஒன்றில், கதவு திறக்கும்போதெல்லாம் சீருடை அணிந்த பணியாளர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "மிங்கலாபா" என்பார்கள். யார் வந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மாலை நேரத்தில் நம் கடையும் அந்தத் திசையில்தான் போகிறது.

இரண்டாவது குறை, பேச்சு எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. நிறையப் பேர் பதில் சொல்லும் போட்டியில் இறங்கிவிடுவதால், காலை ஏழு மணியளவில் கடை பட்டிமன்றம்போல் ஆகிவிடுகிறது. வேலைக்குப் போகும் இளம்பெண் ஒருத்தி, தினமும் எதையாவது சுவையாகச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று அஞ்சியோ என்னவோ, கல்லாவைத் தவிர்த்துப் பின்மேசைக்குப் போகத் தொடங்கினாள். அக்கா இதைச் சில நாளிலேயே கவனித்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலையசைப்பு மட்டுமே, பதிலுக்கு அவளும் தலையசைத்துவிட்டு முன்மேசையிலேயே உட்காருகிறாள். ஆனால் மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த நிதானம் இல்லை. புதிதாக வருபவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதோடு விட்டால், "அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவ்வளவுதான் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு.

வயதில் மூத்தவர்களிடம் இந்த விளையாட்டை அப்படியே எடுத்துச் செல்லவும் முடியாது. அப்யோ சயாவின் முறையில் என் பெரியம்மாவிடம் "பால் கம்மி" என்று பதில் சொன்னால், அடுத்த வேளையே ஒரு செம்புப் பால் வந்து சேரும், கூடவே ஆயிரம் கேள்விகளும். மூத்தவர் விசாரிக்கும்போது அவர்களின் ஆசியை முன்னால் வைத்து, பின்னால் அன்றைய சிறு செய்தி ஒன்றைச் சேர்ப்பது போதும். "உங்க ஆசீர்வாதம் பெரியம்மா, மல்லிகைச் செடி இன்னிக்குத்தான் மொட்டு விட்டிருக்கு" என்றால், பேச்சு செடிக்குப் போய், அங்கிருந்து அவர்கள் வளர்த்த செடிக்குப் போய், அவர்களே உற்சாகமாகிவிடுகிறார்கள். தொலைபேசியில் இது இன்னும் நன்றாக நடக்கிறது. சென்னையிலும் திருச்சியிலும் இருக்கும் எங்கள் உறவினர்கள் "அங்க எப்படி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும்போது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் "இருக்கோம்" என்று முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இப்போது நான் அன்று சந்தையில் பார்த்த காயையோ, கோயிலில் கேட்ட நாதஸ்வரத்தையோ முதலில் சொல்கிறேன். கனமான செய்தி இருந்தால் அது பின்னால் வரட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். தோசை மெலிதாக, ஓரம் முறுகலாக வருகிறது. கல் சூடேறாத முதல் ஈட்டைத் தவிர்த்துவிடுங்கள். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கேளுங்கள், சாம்பாரை நம்ப வேண்டாம். அவித்த பட்டாணியோடு வரும் நான் ரொட்டி காலையில் மட்டும் கிடைக்கும், அடுப்பிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் மிக நன்று. சமோசா உருளைக்கிழங்கு குறைந்து வெங்காயம் கூடியது, எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். விலையை இங்கே எழுதிப் பயனில்லை, நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும்; சுற்றியுள்ள கடைகளைவிடக் கூடுதலாக அவர்கள் வாங்குவதில்லை. ஸ்டூல்கள் மிகத் தாழ்வானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் சுவரோரம் இருக்கும் இரண்டு மரநாற்காலிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் போனால் அக்காவும் இருப்பார், பட்டிமன்றமும் தொடங்கியிருக்காது. மாலையில் போக நேர்ந்தால் கல்லாப் பக்கம் நின்று பேச்சுக் கொடுக்காமல் நேரே தேநீர்ப் பானைக்கு எதிரில் இருக்கும் மேசையில் உட்காருங்கள். அப்யோ சயா மாலையிலும் அவரேதான்.